மார்ச் 31-க்கான சரிக்கட்டுப் பதிவுகளைத் தயாரிக்கும் முறை

சரிக்கட்டுப் பதிவு, அதாவது ஆண்டு முடிவில் கணக்குகளைச் சரிசெய்ய எழுதும் பதிவு, எதுவாயினும் அதன் பின்னால் நிற்பது ஒரே கேள்விதான்: இந்தத் தொகை மார்ச் 31-இல் முடியும் ஆண்டைச் சேர்ந்ததா, மறுநாள் தொடங்கும் ஆண்டைச் சேர்ந்ததா? பணம் கைமாறிய நாளைப் பாராமல், வருமானம் ஈட்டப்பட்ட காலத்தையும் செலவு ஏற்பட்ட காலத்தையும் கொண்டே கணக்கெழுத வேண்டும் என்று நிறுவனங்கள் சட்டம், 2013 கூறுகிறது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வாகன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தனியார் நிறுவனத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்த வேலையைப் பார்ப்போம். இதை ஆடிட்டரிடம் விட்டுவிடலாம் என்ற எண்ணம் பல அலுவலகங்களில் உண்டு. ஆனால் எந்த லாரி எந்த இரவு வெளியேறியது, எந்த ஒப்பந்தக்காரரின் பில் இன்னும் வரவில்லை என்பதெல்லாம் நிறுவனத்தின் கணக்காளருக்கே தெரியும் என்பதால், முதல் வரைவு அவருடைய கையிலிருந்துதான் வரவேண்டும்.

சரிக்கட்டத் தொடங்குவதற்கு முன் இருப்பாய்வு (எல்லாக் கணக்குகளின் இருப்புகளும் அடங்கிய பட்டியல்) நம்பத்தக்கதாக இருக்க வேண்டும். நம் ஏட்டையும் வங்கியின் அறிக்கையையும் ஒப்பிடும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை முடித்து, கடனாளிகள், கடனீந்தோர் இருப்புகளை அவர்களுடைய கணக்கறிக்கையோடு ஒப்பிட்டு, தலைப்பு முடிவாகாத தொகைகளைத் தற்காலிகமாக வைக்கும் அனாமத்துக் கணக்கில் கிடப்பவற்றை உரிய தலைப்புகளுக்கு மாற்றிய பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

அதிகம் விடுபடுவது கொடுபட வேண்டிய செலவுகளே, அதாவது ஆண்டுக்குள் ஏற்பட்டும் இன்னும் செலுத்தாத செலவுகளே. ஏடுகளில் இல்லாத ஒன்றை ஏடுகளைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் இரண்டு வழிகளில் தேட வேண்டும். முதலாவதாக, ஒவ்வொரு செலவுத் தலைப்பையும் மாதவாரியாக விரித்து, பன்னிரண்டு கட்டங்களில் எது காலியாக இருக்கிறது என்று பார்க்க வேண்டும். காவல் பணி நிறுவனத்துக்குப் பதினொரு பில்களே பதிவாகியிருந்தால் மார்ச் மாதத்துக்குரியது நிற்கிறது என்று பொருள். இரண்டாவதாக, ஏப்ரல், மே மாதங்களில் வந்த பில்களையும் செலுத்திய தொகைகளையும் எடுத்து, அவை எந்தக் காலத்துச் சேவைக்கு உரியவை என்று ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். மின்கட்டணத்தில் அளவீட்டு நாளைக் கவனிக்க வேண்டும்: கடைசி அளவீடு மார்ச் 24 அன்று எடுக்கப்பட்டு, நாளொன்றுக்குச் சராசரியாக ரூ.6,000 ஆகுமானால், மீதமுள்ள 7 நாள்களுக்கு ரூ.42,000 ஒதுக்க வேண்டும். பெருநகர சென்னை மாநகராட்சிக்குரிய சொத்துவரி அரையாண்டு வரி என்பதால், அக்டோபர் முதல் மார்ச் வரையிலான தவணை செலுத்தப்படாமல் இருந்தால் அதுவும் இந்தப் பட்டியலில் சேரும்.

ஒதுக்கீடு செய்யும்போதே டிடிஎஸ் (பெறுபவருக்குத் தரும் தொகையிலிருந்து முன்பே பிடித்து அரசுக்குச் செலுத்தும் வருமான வரி) பற்றியும் ஜிஎஸ்டி பற்றியும் முடிவெடுத்துவிட வேண்டும். தணிக்கைக் கட்டணம், ஒப்பந்தக் கூலி போன்றவற்றை மார்ச் 31 அன்று வரவு வைத்தால், அனாமத்துக் கணக்கில் வைத்தாலும்கூட, டிடிஎஸ் பிடித்தம் செய்யும் பொறுப்பு அப்போதே எழுகிறது. மார்ச் மாதப் பிடித்தத்தைச் செலுத்த ஏப்ரல் 30 வரை காலம் உண்டு. இதை விட்டால் வருமான வரிக் கணக்கீட்டில் அச்செலவின் 30 விழுக்காடு ஏற்கப்படாமல் போகலாம். ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, விலைப்பட்டியல் கைக்கு வராமல் உள்ளீட்டு வரி வரவை (வாங்கியபோது கொடுத்த வரியை, செலுத்த வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) எடுக்க முடியாது. எனவே வரவு கிடைக்கக்கூடிய செலவுகளுக்கு வரி நீங்கலான மதிப்பை மட்டும் ஒதுக்குவதே முறை.

முன்கூட்டிச் செலுத்திய செலவுகளைக் கண்டறிவது எளிது, ஏனெனில் ஆவணம் கையிலேயே இருக்கும். தொழிற்சாலைத் தீக்காப்பீட்டுக்கு டிசம்பர் 1 முதல் ஓராண்டுக்கு, வரி நீங்கலாக ரூ.1,20,000 செலுத்தி முழுவதையும் செலவாக எழுதியிருந்தால், மார்ச் வரையிலான 4 மாதங்களுக்குரிய ரூ.40,000 மட்டுமே இவ்வாண்டின் செலவு. பதிவு பின்வருமாறு அமையும் (க/கு என்பது கணக்கு):

முன்கூட்டிச் செலுத்திய காப்பீடு க/கு பற்று ரூ.80,000
காப்பீட்டுச் செலவு க/கு வரவு ரூ.80,000
(ஏப்ரல் முதல் நவம்பர் வரையிலான 8 மாதங்களுக்குரிய காப்பீட்டுக் கட்டணம், பாலிசி நகல் இணைப்பு)

அடைப்புக்குறிக்குள் உள்ள விளக்கக் குறிப்பைச் சம்பிரதாயமாக எண்ணிவிடக் கூடாது. ‘ஆண்டு இறுதிச் சரிக்கட்டல்’ என்று மட்டும் எழுதப்பட்ட பதிவு ஆறு மாதம் கழித்து எழுதியவருக்கே புரியாது. காலமும் கணக்கிட்ட முறையும் ஆதாரமும் அதில் இருக்க வேண்டும்.

இலாபத்தை நேராகத் தாக்குவது விற்பனைக்கும் சரக்கிருப்புக்கும் இடையிலான எல்லைக்கோடு. மார்ச் 31 இரவு அம்பத்தூரிலிருந்து ஓசூருக்கு ஒரு லாரி புறப்படுகிறது. விலைப்பட்டியல் மதிப்பு, வரி நீங்கலாக, ரூ.3,00,000, அடக்கவிலை ரூ.2,40,000. வாங்குபவரின் இடத்தில் ஒப்படைக்கும்போதுதான் சரக்கின் உரிமையும் இடரும் மாறும் என்று கொள்முதல் ஆணை சொல்லுமானால், அது இவ்வாண்டின் விற்பனை ஆகாது. விற்பனையைப் பற்று வைத்து, கடனாளியை வரவு வைத்து ரூ.3,00,000-ஐ நீக்கி, சரக்கை அடக்கவிலையில் இறுதிச் சரக்கிருப்பில் சேர்க்க வேண்டும், இலாபம் ரூ.60,000 குறையும். ஜிஎஸ்டி மட்டும் விலைப்பட்டியல் தேதிப்படி மார்ச் மாதப் படிவத்திலேயே நிற்கும் என்பதால், ஏடுகளுக்கும் படிவத்துக்கும் இடையே எழும் இந்த வேறுபாட்டைத் தனித்தாளில் குறித்து வைப்பது பின்னாளில் பெரிதும் உதவும். மார்ச் கடைசி வாரம், ஏப்ரல் முதல் வாரம் ஆகியவற்றின் இ-வே பில்களையும் (சரக்குப் போக்குவரத்துக்கான ஜிஎஸ்டி மின்னணுச் சீட்டுகள்) வாயிற்பதிவேட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இதைச் செய்ய வேண்டும். எஞ்சிய சரக்கை அடக்கவிலை, விற்றால் நிகரமாகக் கிடைக்கும் விலை ஆகிய இரண்டில் குறைந்ததற்கு மதிப்பிட வேண்டும்.

தேய்மானத்துக்கு, சொத்துகளின் பயன்பாட்டுக் காலத்தைத் தரும் நிறுவனங்கள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையே வழிகாட்டி: கணினிக்கு 3 ஆண்டு, அறைகலனுக்கு 10, பொதுவான இயந்திரங்களுக்கு 15. ஆண்டின் நடுவே வாங்கிய சொத்துக்கு, பயன்பாட்டுக்குத் தயாரான நாளிலிருந்து மட்டும் கணக்கிட வேண்டும். வைப்புத்தொகையில் சேர்ந்து இன்னும் பெறாத வட்டி, மார்ச் 31-இன் மாற்று விகிதத்தில் மறுமதிப்பிட வேண்டிய அந்நியச் செலாவணி நிலுவைகள், ஐயக்கடன் (வசூலாவது ஐயமான கடன்) ஒதுக்கு, பணிக்கொடை ஒதுக்கு ஆகியவை இதன்பின் வரும்.

வரி ஒதுக்கைக் கடைசியில்தான் எழுத வேண்டும், ஏனெனில் மேலே சொன்ன ஒவ்வொரு பதிவும் வரிக்குரிய இலாபத்தை மாற்றும். ஏடுகளின் தேய்மானமும் வருமான வரித் தேய்மானமும் வேறுபடுவதால் எழும் ஒத்திவைக்கப்பட்ட வரிக்கும் தனிப்பதிவு உண்டு. குறு, சிறு நிறுவனங்களுக்கு உரிய காலத்தில், அதிகபட்சம் 45 நாள்களுக்குள், செலுத்தாமல் ஆண்டு முடிவில் நிலுவையாக நிற்கும் தொகை அவ்வாண்டில் கழிவாக ஏற்கப்படாது என்பதால் அந்தப் பட்டியலையும் இப்போதே எடுத்துவிட வேண்டும்.

பழைய வவுச்சரைத் திறந்து தொகையை மாற்றிச் சரிக்கட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிட வேண்டும். ஒவ்வொரு மாற்றத்தையும் தடம் பதிக்கும் மென்பொருளையே நிறுவனங்கள் பயன்படுத்த வேண்டும் என்ற விதி 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. சரிக்கட்டல் எதுவும் தனி ஜர்னல் வவுச்சராகவே அமையட்டும். ஏப்ரல் 1 அன்று கொடுபட வேண்டிய செலவுகளின் பதிவுகளைத் தலைகீழாக்கினால், பில் வரும்போது செலவு இருமுறை ஏறாது. முன்கூட்டிச் செலுத்தியவற்றை மாதந்தோறும் உரிய பங்காகச் செலவுக்கு மாற்ற வேண்டும். தேய்மானத்தைத் தலைகீழாக்கக் கூடாது. தணிக்கையில் ஆடிட்டர் கூறும் மாற்றங்களையும் மார்ச் 31 தேதியிட்டுப் பதிந்து, புதிய ஆண்டின் தொடக்க இருப்புகள் கையொப்பமான இருப்புநிலைக் குறிப்போடு ஒவ்வொரு தலைப்பிலும் ஒத்திருப்பதைச் சரிபார்த்து, அந்த ஒப்பீட்டுத் தாளைக் கோப்பில் சேர்க்க வேண்டும்.