எஞ்சின் கொதிக்கிறதா? ரேடியேட்டர் விசிறியைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

காரில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கியதும் பலரும் விசிறி மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். முதல் முறை நானும் அப்படித்தான் நினைத்துப் புது மோட்டார் வாங்கி மாட்டினேன். விசிறி சுற்றவில்லை. கெட்டிருந்தது பாதித் தீப்பெட்டி அளவுள்ள ஒரு ரிலே, அதாவது விசிறிக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் மின் சுவிட்ச். அதற்குப் பிறகு எந்த ஸ்குருவைத் தொடும் முன்பும் எனக்கு நானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன்: இந்தக் கார் எப்போது சூடாகிறது?

வேலையைத் தொடங்குவதற்கு முன் மூன்று எச்சரிக்கைகள். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அந்த மூடி உள்ளே சுமார் 1 பார் கூடுதல் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால்தான் ரேடியேட்டரில் ஓடி எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடி திறந்த கணமே அழுத்தம் இறங்கி, உள்ளிருப்பது கொதித்துப் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அடுத்து, பல கார்களில் எஞ்சினை அணைத்த பிறகும் மின்விசிறி தானாகச் சுற்றத் தொடங்கும். இறக்கைகளுக்கு இடையே கை நுழைக்க வேண்டியிருந்தால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கடைசியாக, கூலண்ட் இனிப்பான நஞ்சு. தரையில் சிந்தியதைக் குழந்தைகளும் விலங்குகளும் நெருங்கும் முன் துடைத்துவிடுங்கள்.

படி 1: எப்போது சூடாகிறது?

சிக்னலில் நிற்கும்போதும் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போதும் முள் ஏறி, வேகம் பிடித்ததும் இறங்கினால் சந்தேகம் விசிறியின் மேல்தான். கார் நிற்கும்போது ரேடியேட்டருக்குக் காற்று தருவது விசிறி மட்டுமே. வேகமாகப் போகும்போது எதிர்க்காற்றே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. மாறாக, நெடுஞ்சாலையில் வேகமாகப் போகும்போதுதான் முள் ஏறுகிறது என்றால் விசிறியை விட்டுவிடுங்கள். குறை பெரும்பாலும் கூலண்ட் ஓட்டத்தில் இருக்கும். நீங்கள் நேராகப் படி 6-க்குப் போகலாம், ஆனால் படி 2-ஐத் தவிர்க்காதீர்கள்.

படி 2: கூலண்ட் அளவு

எஞ்சின் முழுவதும் ஆறியபின் சேமிப்புத் தொட்டியைப் பாருங்கள். திரவம் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே இருக்க வேண்டும். குறைந்திருந்தால் நிரப்புவதோடு நிறுத்தாமல், அது எங்கே போனது என்று தேடுங்கள். ஹோஸ் முனைகள், ரேடியேட்டரின் ஓரங்கள், வாட்டர் பம்பின் அடிப்பகுதி ஆகிய இடங்களில் உலர்ந்த வெள்ளை அல்லது வண்ணக் கறை தெரிந்தால் கசிவு அங்கேதான்.

புதிதாகப் பழகுபவர்களைக் குழப்பும் ஒரு விஷயம் இங்கே உண்டு. கூலண்ட் மிகவும் குறைந்தால் வெப்ப சென்சார் திரவத்தில் மூழ்காமல் காற்றில் நின்றுவிடலாம். அப்போது அது உண்மையான வெப்பத்தைச் சொல்லாது. விசிறியும் ஓடாது, முள்ளும் ஏறாது, எஞ்சின் மட்டும் வெந்துகொண்டிருக்கும்.

படி 3: ஏசியைப் போட்டுப் பாருங்கள்

கருவி எதுவும் தேவையில்லாத சோதனை இது. எஞ்சினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். பெரும்பாலான கார்களில் சற்று நேரத்தில் விசிறி சுற்றத் தொடங்கும். ஏசிக்குச் சுற்றும் அதே விசிறி எஞ்சின் வெப்பத்துக்கு மட்டும் சுற்றவில்லை என்றால் மோட்டார் நன்றாகவே இருக்கிறது. வெப்ப சென்சாரையும் அதன் வயரையும் பாருங்கள். இரண்டு விசிறிகள் உள்ள காராக இருந்தால் எது சுற்றுகிறது, எது நிற்கிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே விசிறி இரண்டு வேகத்தில் ஓடும் கார்களில் மெதுவான வேகம் மட்டும் வராமல் போவதும் உண்டு. அதற்குப் பெரும்பாலும் காரணம், மெதுவான வேகத்துக்காக மின்சாரத்தைக் குறைத்துத் தரும் ரெசிஸ்டர் எரிந்துபோனது.

படி 4: ஃபியூஸ், ரிலே

ஃபியூஸ் பெட்டியின் மூடியிலேயே படம் இருக்கும். விசிறியின் ஃபியூஸை உருவி, உள்ளே இருக்கும் கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள். அறுந்திருந்தால் அதே ஆம்பியர் அளவில் மாற்றுங்கள். கூடுதல் ஆம்பியர் போட்டால் அடுத்து எரிவது வயராக இருக்கும். புதிய ஃபியூஸும் உடனே போனால், மோட்டார் இறுகியிருக்கிறது அல்லது எங்கோ ஷார்ட் ஆகிறது.

ரிலேயைச் சோதிக்க எளிய வழி, அதே எண் கொண்ட இன்னொரு ரிலேயை இடம் மாற்றிப் போடுவது. பல கார்களில் ஹாரனின் ரிலே இதே வகையாக இருக்கும். மாற்றியதும் விசிறி சுற்றினால் குறை கிடைத்துவிட்டது. விசிறி நிற்காமல் ஓடி இரவோடு இரவாக பேட்டரியைத் தீர்த்துவிடுகிறது என்றால், ரிலேயின் முனைகள் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

படி 5: மோட்டாருக்கு நேரடி மின்சாரம்

இவ்வளவுக்குப் பிறகும் சுற்றவில்லை என்றால்தான் மோட்டாரைத் தொட வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் முனை கழன்றிருக்கும்போது இறக்கையைக் கையால் சுழற்றுங்கள். உரசலின்றி எளிதாகச் சுழல வேண்டும். பிறகு மோட்டாரின் இணைப்பானைக் கழற்றி, ஃபியூஸ் பொருத்திய தடித்த வயர்கள் மூலம் பேட்டரியின் 12 வோல்ட்டை நேராகக் கொடுங்கள். இரண்டு முனை மட்டும் உள்ள மோட்டாருக்கே இந்த முறை. இணைப்பானில் மெல்லிய கட்டுப்பாட்டு வயர்களும் இருந்தால் மெக்கானிக்கிடம் விடுவது நல்லது. நேரடி மின்சாரத்துக்கும் அசையவில்லை என்றால் மோட்டார் முடிந்தது. மோட்டாரைத் தட்டிய பின் சுற்றினால், உள்ளே சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கிறது. இன்று ஓடினாலும் நாளை நின்றுவிடும்.

புதிய மோட்டார் மாட்டியவர்கள் காற்றின் திசையையும் பார்க்க வேண்டும். விசிறி ஓடும்போது ரேடியேட்டரின் முன்பக்கம் ஒரு காகிதத்தைப் பிடியுங்கள். அது ரேடியேட்டரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். வெளியே தள்ளப்பட்டால் வயர்கள் இடம் மாறியிருக்கின்றன.

படி 6: விசிறி ஓடியும் சூடாகிறது என்றால்

ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, முள் நடுவுக்கு வந்தபின் ரேடியேட்டரின் இரண்டு ஹோஸ்களையும் விசிறிக்கு எட்டாதபடி எச்சரிக்கையாகத் தொட்டுப் பாருங்கள். கூலண்ட் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். பெரும்பாலான தெர்மோஸ்டாட்கள் 80 முதல் 95 டிகிரிக்குள் திறந்துவிடும். ஒரு ஹோஸ் கொதித்து, மற்றொன்று நெடுநேரம் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை அல்லது வாட்டர் பம்ப் திரவத்தைத் தள்ளவில்லை. ரேடியேட்டரின் முன்முகத்தில் பூச்சியும் மண்ணும் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து மெதுவாகத் தண்ணீர் பாய்ச்சிக் கழுவுங்கள்.

சேமிப்புத் தொட்டியில் இடைவிடாமல் குமிழி வருகிறதா? புகைபோக்கியில் இனிப்பு வாடையுடன் வெண்புகையா? எஞ்சின் ஆயில் பால் கலந்ததுபோல் இருக்கிறதா? இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காரை ஓட்டாதீர்கள். எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் கீழ்ப்பாகத்துக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு, அதாவது ஹெட் கேஸ்கெட், போயிருக்கலாம். தொடர்ந்து ஓட்டினால் எஞ்சினின் ஹெட்டே வளைந்துவிடும்.

வழியில் முள் ஏறினால் ஏசியை அணைத்து, ஹீட்டரை முழு வேகத்தில் வையுங்கள். எஞ்சின் வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரமாக நிறுத்தி அணைத்துவிடுங்கள். கொதிக்கும் எஞ்சின் மேல் குளிர்ந்த தண்ணீரை ஊற்றாதீர்கள், உலோகம் விரிசல் விடும்.

பழுது பார்த்து கூலண்ட் நிரப்பியதும் உடனே கிளம்பிவிட வேண்டாம். உள்ளே சிக்கிய காற்று வெளியேற வேண்டும். நிறுத்திய இடத்திலேயே எஞ்சினை ஓடவிட்டு, விசிறி ஒருமுறை சுற்றி நின்று மறுபடியும் சுற்றும்வரை முள்ளைக் கவனியுங்கள். பிறகு எஞ்சின் ஆறியதும் தொட்டியில் அளவு இறங்கியிருந்தால் நிரப்புங்கள்.