'டப்பிங்கில் பார்த்துக்கலாம்': அசடு வழியும் காதல் படங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையில் காசில்லை, தெரிந்த முகம் இல்லை. கதையில் இருப்பவர்களோ எந்தக் கூட்டத்திலும் ஒட்டாத இருவர்: ஒருவருக்குப் பேச வராது, இன்னொருவருக்குப் பேச்சை நிறுத்த வராது. இப்படிப்பட்ட காதல் நகைச்சுவைப் படம் எடுக்கப் புதியவர்கள் நிறையப் பேர் கிளம்பியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தான். நான் எடிட்டர். அவர்களுடைய ரஃப் கட்டை, அதாவது முதல் தோராயத் தொகுப்பை, போட்டுப் பார்த்தால், எங்கள் செட்டு ஆரம்பத்தில் அடித்த அதே கூத்துகள் வரிசை மாறாமல் வந்து நிற்கின்றன.

பேட்டரி சார்ஜ் போடுங்கள், ஃபுட்டேஜை ரெண்டு ஹார்டு டிஸ்க்கில் வையுங்கள், சட்டை கன்டினியுட்டி பாருங்கள் என்றெல்லாம் சொல்லப்போவதில்லை. அதெல்லாம் ஒரு தடவை பட்டால் தானாக வந்துவிடும். பட்ட பிறகும் திருந்தாத சமாச்சாரங்கள் சில உண்டு.

சோடாபுட்டிக் கண்ணாடி

ஒட்டாத ஆள் என்றதும் சோடாபுட்டிக் கண்ணாடி, எண்ணெய் வழியப் படிய வாரிய தலை, கழுத்துவரை போட்ட பட்டன். சரி, அப்புறம்? அவனுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் இயக்குநர் முழிக்கிறார்.

ஜாரெட் ஹெஸ் இயக்கி 2004இல் வந்த 'நெப்போலியன் டைனமைட்' படத்தில் நாயகன் உருளைக்கிழங்கு வறுவலைக் கால்சட்டைப் பாக்கெட்டில் போட்டு வைத்துக்கொண்டு வகுப்பில் எடுத்துத் தின்பான். கேமரா அதைப் பார்த்துக் கண்ணடிக்காது. அவனுக்குப் பசி, அவ்வளவுதான். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பிரெஸ்டன் என்ற சிற்றூரில், சுமார் 4 லட்சம் டாலரில் எடுத்த படம். 4 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. அதைப் பார்த்துவிட்டுப் படமெடுக்க வருபவர்கள் அந்தச் சுருட்டை முடியை எடுத்துக்கொள்கிறார்கள், பசியை விட்டுவிடுகிறார்கள்.

அவனைத் திருத்த வரும் பெண்

நாயகி எதற்கு என்று பார்த்தால், அசடு வழியும் பையனுக்குத் தன்னம்பிக்கை கொடுக்க. அவளுக்கு வேறு வேலையே இல்லை. டைக்கா வைடீட்டியின் நியூசிலாந்துப் படமான 'ஈகிள் வெர்சஸ் ஷார்க்' (2007) இதைத் திருப்பிப் போட்டது. துரித உணவுக் கடையில் வேலை பார்க்கும் லில்லியின் பக்கம் நின்று கதை நகரும். அவள் விரும்பும் ஜாரட் சுயநலக்காரன். பள்ளிக்கூடத்தில் தன்னை அடித்தவனைப் பழிவாங்கச் சொந்த ஊருக்குப் போகிறான். போய்ப் பார்த்தால் அடித்தவன் சக்கர நாற்காலியில் இருக்கிறான். இருவருமே வேடிக்கையானவர்கள், இருவருக்குமே வலி உண்டு. உங்கள் கதையில் அவள் தனியாக இருக்கும் காட்சி ஒன்றாவது இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

'டொய்ங்' சத்தம்

தூக்கிவிடுங்கள்.

டப்பிங்கில் பார்த்துக்கலாம்

இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டாலே எனக்கு இன்றும் எரிச்சல் வரும்.

நம்மூரில் இது எங்கிருந்து வந்தது என்பதற்குக் காரணம் இருக்கிறது. அரிஃபிளெக்ஸ் 2சி மாதிரியான கேமராக்கள் இங்கே பரவலானபோது, அவை ஓடும் சத்தம் தையல் மெஷின் போல இருக்கும். அவுட்டோரில் அதை வைத்துக்கொண்டு வசனம் பதிவது நடக்காத காரியம். அதனால் படப்பிடிப்பில் ஒப்புக்கு ஒரு பைலட் ட்ராக் (அடையாளத்துக்கு மட்டும் பதியும் குரல்), பிறகு ஒலிப்பதிவுக் கூடமான டப்பிங் தியேட்டரில் நடிகர்களை மறுபடி பேசவைப்பது என்ற முறை நிலைத்துவிட்டது. இன்றைக்கு டிஜிட்டல் கேமராவில் அந்த இரைச்சல் கிடையாது. பழக்கம் மட்டும் போகவில்லை.

டப்பிங் மட்டமான கலை என்று சொல்லவில்லை. சண்டைப் படத்துக்கும் பஞ்ச் வசனத்துக்கும் அது கச்சிதமாகப் பொருந்தும். தயங்கித் தயங்கிப் பேசும் ஆட்களைப் பற்றிய படத்துக்குத்தான் விஷம். இந்த வகைப் படத்தில் வசனம் கால்வாசி. மிச்சமெல்லாம் எச்சில் விழுங்குவது, பாதியில் நிற்பது, இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி ஒரே நேரத்தில் நிறுத்துவது. டப்பிங் தியேட்டரில் நடிகரின் கண் திரையில் உதட்டைத் துரத்திக்கொண்டிருக்கும். எங்கே திக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்து திக்குபவரைப் பார்த்து யாருக்கும் சிரிப்பு வராது.

ஒரு படம் எடிட்டுக்கு வந்தது. ஜெராக்ஸ் கடைக் காட்சி. பையன் பல நாளாகப் பேசத் துடித்த பெண் வந்து ஆதார் அட்டையை நீட்டுகிறாள். அதை வாங்குகிறான், அதிலிருக்கும் போட்டோவைப் பார்க்கிறான், "ரெண்டு... ரெண்டு பக்கமுமா?" என்கிறான். அந்த இரண்டாவது 'ரெண்டு'வில் குரல் உடைந்து கீச்சென்று மேலே போய்விடுகிறது. அவள் கொஞ்சம் யோசித்து, "தெரியல" என்கிறாள். அப்புறம் இருவரும் மெஷினையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன்.

ஆனால் அது கேமரா மைக்கில் விழுந்த சத்தம். கூடவே ஜெராக்ஸ் மெஷின், தலைக்கு மேல் ஃபேன், மாடியில் குக்கர் விசில், வாசலில் ஆட்டோ. சுத்தம் செய்தால் குரலும் சேர்ந்து தகரமாகிறது. சவுண்ட் ரெக்கார்டிஸ்டை ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். "பட்ஜெட் இல்ல சார், டப்பிங்ல பாத்துக்கலாம்னு விட்டோம்" என்றார் இயக்குநர். பட்ஜெட்டில் கேமரா ஆடாமல் பிடிக்கும் ஜிம்பலுக்கு வாடகை இருந்தது.

பல மாதம் கழித்து டப்பிங். அதற்குள் பையன் வேறு வேலையில் சேர்ந்துவிட்டான். ஆபீஸ் முடிந்து அலுப்போடு வந்து, எஃப்.எம். அறிவிப்பாளர் மாதிரி தெளிவாக, "ரெண்டு ரெண்டு பக்கமுமா?" என்று பேசிவிட்டுப் போனான். அந்தப் பெண் ஊரில் இல்லை, அவளுக்கு வேறொருவர் குரல். "தெரியல" என்பதில் இப்போது கொஞ்சல் வந்துவிட்டது. முன்பு படத்திலேயே சிறந்த இடமாக இருந்ததைக் கடைசியில் நானே வெட்டி எறிந்தேன். டப்பிங் தியேட்டர் வாடகை, குரலை உதட்டோடு பொருத்தும் சிங்க் எடிட், காலடிச் சத்தம் முதல் பேப்பர் சத்தம் வரை புதிதாகச் சேர்த்த செலவு எல்லாம் கூட்டிப் பார்த்தால், ஒரு ரெக்கார்டிஸ்டை அவருடைய கிட்டோடு முழுப் படப்பிடிப்புக்கும் வைத்திருக்கலாம். இதே கதையை வேறு வேறு இயக்குநர்களிடம் வேறு வேறு கடைகளோடு கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பில் ஃபோர்சைத்தின் 'கிரெகரிஸ் கேர்ள்' (1981) என்றொரு ஸ்காட்லாந்துப் படம். கிளாஸ்கோ பக்கம் கம்பர்னால்டு ஊரில், இளைஞர் நாடகக் குழுப் பிள்ளைகளை வைத்து எடுத்தது. அமெரிக்காவில் முதலில் வெளியிட்டபோது, அந்த ஊர்ப் பேச்சு புரியாது என்று மெருகேற்றி மறுபடி டப்பிங் செய்தார்கள். ரெண்டையும் அடுத்தடுத்துக் கேட்க வாய்ப்புக் கிடைத்தால் கேளுங்கள். நான் சொல்வது காதிலேயே விளங்கும்.

என்ன செய்யலாம்? லொகேஷன் பார்க்கப் போகும்போது ஐந்து நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கள். மெஷினை ஓடவிடாமல் நடிக்கச் சொல்லுங்கள், அதன் சத்தத்தைத் தனியாகப் பதிந்து பிறகு சேர்க்கலாம். ஃபேன், ஃபிரிட்ஜை நிறுத்துங்கள். கார் சாவியை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால், கிளம்பும்போது அதை எடுக்கத் திறந்தே ஆக வேண்டும்; திரும்ப ஆன் செய்ய மறக்காமல் வீட்டுக்காரரிடம் நல்ல பெயரோடு போகலாம். சட்டையில் குத்தும் குட்டி லேப்பல் மைக் மாட்டும்போது பாலியஸ்டர் சட்டை வேண்டாம், உரசும்; பருத்தி போடுங்கள். யாராவது ஒருவர் கட்டாயம் ஹெட்போனோடு இருக்க வேண்டும், அவர் "இன்னொன்னு" என்றால் இயக்குநர் முறைக்கக் கூடாது. டேக் ஓகே ஆனதும் அதே இடத்தில், அதே மூச்சில், கேமரா இல்லாமல் வசனத்தை ஒருமுறை வைல்ட் ட்ராக்காக வாங்கிக்கொள்ளுங்கள். கிளம்புமுன் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு ஒரு நிமிடம் ரூம் டோன், அதாவது அந்த இடத்தின் வெறும் சத்தம், பதியுங்கள். அந்த ஒரு நிமிடத்தை வைத்துத்தான் நான் இருவருக்கும் நடுவே மௌனத்தை நீட்டவே முடியும். அது இல்லாவிட்டால் மௌனம் வரும் இடமெல்லாம் பள்ளம் விழுந்த மாதிரி கேட்கும், வேறு வழியில்லாமல் அங்கே மியூசிக்கைப் போட்டு மூடுவோம்.

எல்லாவற்றுக்கும் காரணம் சொல்வது

மேலே சொன்ன 'கிரெகரிஸ் கேர்ள்' படத்தில் பென்குயின் வேஷம் போட்ட ஒருவன் பள்ளிக்கூடத் தாழ்வாரங்களில் சுற்றிக்கொண்டே இருப்பான். எதற்கு என்று படம் சொல்லவே சொல்லாது. நம் புதியவர்கள் என்றால் அவனுக்கு ஒரு ஃப்ளாஷ்பேக் வைத்திருப்பார்கள்.

உரிமை வாங்காத பாட்டு

ராஜா பாட்டைப் போட்டு எடிட் செய்துவிட்டு, கடைசி வாரத்தில் என்னிடம் "அதே ஃபீல்ல வேற ஏதாச்சும்" என்று கேட்காதீர்கள்.

ரயில்வே ஸ்டேஷன் ஓட்டம்

கிளைமாக்ஸில் அவன் ஓடுகிறான், ரயில் கிளம்புகிறது. படம் முழுக்கப் பேசத் தெரியாதவன் பிளாட்பாரத்தில் மட்டும் ரெண்டு பக்க வசனம் பேசுகிறான். 'நெப்போலியன் டைனமைட்' அதன் கதையை ஒரு கம்பத்தில் கட்டிய பந்தை அவனும் அவளும் மாறி மாறித் தட்டுவதோடு முடிக்கும். ஒரு கம்பம், ஒரு கயிறு, ஒரு பந்து. ரயில்வே அனுமதிக்குக் கட்டும் பணத்தில் ரெக்கார்டிஸ்டுக்கு முழுச் சம்பளத்தையும் கொடுத்துவிடலாம்.

ட்ரோன் ஷாட்

வேண்டாம்.