ஜிஎம்ஆர்டில கேலக்ஸி க்ளஸ்டர் பாக்கறது எப்படி

ஜிஎம்ஆர்டிங்கறது ஒரு ரேடியோ டெலஸ்கோப், க்ளஸ்டர்ங்கறது ஈர்ப்புல சேந்து கெடக்கற கேலக்ஸி கூட்டம். க்ளஸ்டர்ல நமக்கு வேண்டியது கேலக்ஸிகளுக்கு நடுவுல புகை மாதிரி பரவிக் கெடக்கற ரேடியோ ஹேலோ. க்ளஸ்டருங்க மோதும்போது எலக்ட்ரான் எல்லாம் வேகமெடுத்து காந்தப்புலத்துல சுத்தும், அதுல வர்ற சிக்னல் இது. அகலம் சுமார் 30 லட்சம் ஒளியாண்டு இருக்கும், ஆனா படு மங்கல். அதிர்வெண் ஏற ஏற இன்னும் மங்கிரும், அதனால ஒசந்த அதிர்வெண் இருக்கற பேண்ட் 5 பக்கம் போகாதீங்க, பேண்ட் 3 அதாவது 250-500 மெகாஹெர்ட்ஸ் போதும்.

டார்கெட் எடுக்கறப்ப எக்ஸ்ரேல பளிச்சுன்னு இருக்கணும், மோதுன அடையாளமும் தெரியணும். கோமா க்ளஸ்டர் ஃபேமஸ்தான், ஆனா அதோட ஹேலோ வானத்துல நிலா அளவுக்கு பரந்து கெடக்கு, மொத தடவைக்கு வேணாம். இன்னும் தூரமா, ரெட்ஷிஃப்ட் (தூரத்த காட்டற அளவு) 0.2 கிட்ட எடுத்தா அதே அகல ஹேலோ 5 ஆர்க்மினிட்ல (நிலாவோட அகலத்துல ஆறுல ஒரு பங்கு) அடங்கிரும்.

புனே பக்கம் கோடாட்ல ஜிஎம்ஆர்டிக்கு மொத்தம் 30 டிஷ், ஒண்ணொண்ணும் 45 மீட்டர் அகலம் (ஊட்டி டெலஸ்கோப்ப கட்டுன கோவிந்த் ஸ்வரூப்தான் இதுக்கும் மூளை). 14 டிஷ் நடுவுல நெருக்கமா இருக்கு, மிச்சம் ஒய் வடிவத்துல 25 கிலோமீட்டர் வரைக்கும் போகுது. ஹேலோ மாதிரி பரந்த சமாச்சாரத்த பிடிக்கறது அந்த நடு 14தான். டெலஸ்கோப் நேரத்துக்கான ப்ரொபோசல் வருஷத்துக்கு ரெண்டு தடவ கேப்பாங்க.

அப்சர்வேஷன் அன்னைக்கு ஃப்ளக்ஸ் கேலிப்ரேட்டருங்க (பிரகாசம் துல்லியமா தெரிஞ்ச ரேடியோ மூலங்க) 3சி48, 3சி147, 3சி286 இதுல எது வானத்துல மேல இருக்கோ அத 10 நிமிஷம் பாருங்க, அப்புறம் டார்கெட் பக்கத்துல இருக்கற ஃபேஸ் கேலிப்ரேட்டர் (சிக்னலோட ஃபேஸ் மாறறத சரி பண்ண உதவற மூலம்) 5 நிமிஷம், டார்கெட் அரை மணி நேரம், திரும்ப கேலிப்ரேட்டர்னு மாத்தி மாத்தி ஓட்டணும், முடியறப்ப திரும்ப ஃப்ளக்ஸ் கேலிப்ரேட்டர்.

இப்பதான் கஷ்டமே. மனுஷன் உண்டாக்கற ரேடியோ இரைச்சல் குட்டை பேஸ்லைன்லதான் (பேஸ்லைன்னா ரெண்டு டிஷ்ஷுக்கு நடுவுல இருக்கற தூரம்) ஜாஸ்தி ஏறும், அத ஃப்ளாக் பண்றேன்னு (கெட்ட டேட்டாவ ஒதுக்கறேன்னு) மொத்தமா வெட்டிட்டீங்கன்னா ஹேலோவும் சேந்து போயிரும், நான் ஒரு தடவ அப்படி பண்ணிட்டு ஒரு வாரம் வெறும் இமேஜ மொறைச்சு பாத்துட்டு இருந்தேன். பொறுமையா சேனல் சேனலா பாருங்க. செல்ஃப்கால் (டார்கெட்டோட இமேஜ வச்சே டேட்டாவ திரும்ப திருத்தறது) முடிஞ்சதும் நீள பேஸ்லைன மட்டும் வச்சு ஒரு இமேஜ் போட்டா தனித்தனி கேலக்ஸிங்க மட்டும் வரும், அந்த மாடல யூவி டேட்டால (இமேஜ் ஆக்கறதுக்கு முன்னாடி இருக்கற டேட்டா) இருந்து கழிச்சிருங்க, மிச்சத்த டேப்பர் போட்டு, அதாவது நீள பேஸ்லைனோட பங்க கொறச்சு, ரெசல்யூஷன் கம்மி பண்ணி திரும்ப இமேஜ் பண்ணுங்க. கழிக்காம விட்டா நாலஞ்சு கேலக்ஸி கலங்கி சேந்து ஹேலோ மாதிரியே ஏமாத்தும்.

கடைசியா 3 சிக்மால (இமேஜ் இரைச்சலப் போல மூணு மடங்கு) இருந்து காண்டூர் போட்டு சந்திராங்கற எக்ஸ்ரே விண்வெளி டெலஸ்கோப் எடுத்த படத்து மேல வச்சு பாருங்க. ரெண்டும் ஒரே எடத்துல ஒக்காந்தா ஹேலோ, ஓரத்துல வில்லு மாதிரி தனியா நின்னா அது ரெலிக்கா (மோதல்ல வர்ற அதிர்ச்சி அலை க்ளஸ்டர் ஓரத்துல உண்டாக்கற ரேடியோ ஒளி) இருக்கலாம்.