தேய்ந்த தண்டுக்குப் புரி டூல் தீட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலைகளிலிருந்து புரி (நட் ஏறும் திருகு வரிகள்) தேய்ந்த தண்டுகள் லேத் (கடைசல்) வேலைத்தளங்களுக்கு வந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் புரி வெட்டும் டூலைத் தாங்களே தீட்டிக்கொள்ளும் இளைஞர்கள், நாங்கள் தொழில் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகளை விடுவதைக் காண்பதால் இதை எழுதுகிறேன். டூலை இறுக்கிப் பிடிப்பது, நுனியைத் தண்டின் மைய உயரத்தில் வைப்பது போன்றவை எவரும் அறிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

60 பாகையில் தீட்டுவது

மலையகத்தில் இன்றும் ஓடும் பழைய இலை உருட்டும் ரோலர்களிலும் இலை உலர்த்தும் ட்ரையர்களிலும் பல பிரித்தானியாவில் செய்யப்பட்டவை. அவற்றின் புரி, 1841இல் ஜோசப் விட்வர்த் வகுத்த முறையிலான 55 பாகைப் புரி. கடையில் கேட்டால் கையில் தருவதோ பெரும்பாலும் 60 பாகை சென்டர் கேஜ், அதாவது டூலின் கோணத்தை ஒப்பிட்டுப் பார்க்கும் தகடு. அதற்குப் பொருத்தித் தீட்டுபவரை எண்ணிக்கையும் ஏமாற்றிவிடும். ஏனெனில் 1 அங்குலத் தண்டில் விட்வர்த் முறையிலும் அமெரிக்க முறையிலும் அங்குலத்துக்கு 8 புரிகளே, முக்கால் அங்குலத்தில் இரண்டுக்கும் 10 புரிகளே.

வெட்டி முடித்ததும் நட் ஏறாது. ஆழம் போதவில்லை என்றெண்ணி மேலும் வெட்டுவார்கள். நட் ஏறிவிடும், வேலை முடிந்தது என்பார்கள். உள்ளே நட்டுப் புரியின் நுனி மட்டும் தண்டுப் பள்ளத்தின் அடியருகே தொட்டுக்கொண்டிருக்க, மேற்பகுதி முழுவதும் இடைவெளியாக இருக்கும். அதிர்வில் அந்த நுனி நசுங்கி நட் தளர்கிறது. அளவுக்கு மீறி வெட்டிய தண்டும் மெலிந்துபோகிறது.

வேறோரிடத்தில் இவ்வாறு வெட்டப்பட்ட ட்ரையர் விசிறித் தண்டொன்று, கொழுந்து குவியும் ஏப்ரல், மே காலத்தில் எங்களிடம் வந்தது. நட் தளர்ந்ததால் கப்பி ஆடி, அதைத் தண்டோடு பூட்டும் சாவிக்கான பள்ளமான கீவேயும் சிதைந்திருந்தது. வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, பள்ளத்தின் அடியருகே மயிரளவு பளபளப்பான கோடு ஓடியது. அதற்கு மேல் டூல் விட்ட கீறல்கள் அழியாமல் அப்படியே இருந்தன. ட்ரையர் நின்றால் நொதித்த இலை காத்திருக்காது. அன்று வீணான இலைக்கு எவரும் ஈடு கொடுக்கவில்லை.

ஒரு தகரத் துண்டு இருந்திருந்தால் இதைத் தவிர்த்திருக்கலாம் என்பதுதான் எனக்கு இன்றும் எரிச்சலூட்டுகிறது. 52 மில்லிமீற்றர் அடியும் 50 மில்லிமீற்றர் உயரமும் கொண்ட இருசமபக்க முக்கோணத்தைத் தகரத்தில் கீறி வெட்டியெடுங்கள்; உச்சிக் கோணம் 55 பாகையாக அமையும். தகரத்தில் வெட்டிய அந்தப் பள்ளத்தில் டூலை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, ஒளி கசியாதவரை தீட்டுங்கள். தண்டின் பழைய புரி எந்த முறையைச் சேர்ந்தது என்பதையும் முதலில் பாருங்கள். நட் ஏறாத தோள்பட்டையருகே தேயாத புரி சிறிதளவேனும் மிஞ்சியிருக்கும், புரியின் வடிவத்தை ஒப்பிடும் புரி கேஜை அங்கே வைக்க வேண்டும்.

நுனியை ஊசியாக விடுவது

விட்வர்த் புரியின் அடி வளைவானது. அங்குலத்துக்கு 8 புரி என்றால் அந்த வளைவின் ஆரை சுமார் 0.44 மில்லிமீற்றர். எண்ணெய்க் கல்லில் நுனியை அந்த அளவுக்கு உருட்டுங்கள். சுழலும் ஒவ்வொரு முறையும் வளையும் தண்டில், கூரான பள்ளத்திலிருந்துதான் வெடிப்பு தொடங்குகிறது.

மேல்முகத்தைச் சரிப்பது

டூலின் மேல்முகத்தைச் சரிவாகத் தீட்டினால், வெட்டும் புரியின் கோணம் மாறிவிடும். மட்டமாகவே விடுங்கள்.

இடப்பக்கத்தை மறப்பது

வலப்புரி வெட்டும்போது டூலின் இடப்பக்கம் புரியின் சரிவோடு முன்னேறுகிறது. 1 அங்குல விட்வர்த் புரியில் அந்தச் சரிவு சுமார் 2.5 பாகை. வெட்டும் விளிம்புக்குக் கீழே டூல் உரசாதிருக்க வழக்கமாக விடும் இடைவெளிக் கோணத்தோடு இதையும் கூட்டித் தீட்டாவிட்டால், டூல் வெட்டாமல் தேய்க்கும்.

சூடான டூலைத் தண்ணீரில் போடுவது

சூட்டைத் தாங்கி வெட்டும் ஹைஸ்பீட் உருக்கில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழும்.

நட் இல்லாமல் வேலையை ஏற்பது

தண்டை மட்டும் கொண்டுவருபவரிடம் நட்டையும் கேட்டு வாங்குங்கள். அது தேய்ந்திருந்தால் அதே அளவில் புதிய விட்வர்த் நட் ஒன்றைத் தேடி வைத்துக்கொண்டு, அதைப் போட்டுப் பார்த்தே கடைசி வெட்டுகளை வெட்ட வேண்டும்.