யார்க்‌ஷயரா, ஜாக் ரஸ்ஸலா? தேர்வில் நேரும் தவறுகள்

சின்ன நாய் என்றால் பராமரிப்பும் சின்னதாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வதுதான் முதல் தவறு. யார்க்‌ஷயர் டெரியரும் ஜாக் ரஸ்ஸல் டெரியரும் ஒரு கையில் தூக்கக்கூடியவை. ஆனால் ஒன்றுக்கு ஒத்துவரும் வீடு மற்றதற்குச் சிறையாகிவிடலாம்.

யார்க்‌ஷயர், 19ஆம் நூற்றாண்டில் வட இங்கிலாந்தின் ஆலைகளில் எலி பிடித்துப் பின்னர் மடிநாயாக மாறிய இனம். எடை சுமார் 3 கிலோ. ஜாக் ரஸ்ஸல், பாதிரியார் ஜான் ரஸ்ஸல் (1795–1883) இங்கிலாந்தின் டெவன் பகுதியில் நரிவேட்டைக்கு வளர்த்த நாய்களின் வழிவந்தது. எடை 5 முதல் 6 கிலோ. வளைக்குள் புகுந்து, பதுங்கியிருக்கும் நரியைக் குரைத்தே வெளியேற்றுவது அதன் தொழில்.

அந்தத் தொழிலை மறந்துவிட்டு, "தோட்டம் இருக்கிறது, அதுவே ஓடி விளையாடிக்கொள்ளும்" என்று ஜாக் ரஸ்ஸலை வாங்குபவர்கள் ஏராளம். தோட்டத்தில் தனியாக விட்ட ஜாக் ரஸ்ஸலைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். வேலியோரமாக மூக்கைத் தரையில் பதித்தபடி நடக்கும். ஓரிடத்தில் சட்டென்று நிற்கும். பிறகு முன்னங்கால்கள் மண்ணைப் பின்னால் வாரியிறைக்கத் தொடங்கும். இது குறும்பு அல்ல. தலைமுறை தலைமுறையாக அதற்கு ஊட்டப்பட்ட வேலை. அதற்காக அடிப்பது அநியாயம். நன்கு வளர்ந்த ஜாக் ரஸ்ஸலுக்குத் தினமும் ஒரு மணி நேரமாவது நடையும் ஓட்டமும் வேண்டும். அதோடு, ஒளித்துவைத்த தீனியைத் தேடுவது போல மூளைக்கும் வேலை வேண்டும். மழை பெய்தாலும் அதை அழைத்துப்போக வீட்டில் யார் இருக்கிறார்கள்? பெயர் சொல்ல முடியவில்லை என்றால் இந்த இனம் வேண்டாம்.

யார்க்‌ஷயருக்கு நடை குறைவாகவே போதும். ஆனால் அதன் பட்டுப்போன்ற முடி வளர்ந்துகொண்டே இருக்கும். மேலாக வாரிவிட்டுத் திருப்தி அடைவதுதான் இங்கே வழக்கமான தவறு. முதுகு பளபளக்கும், காதுக்குப் பின்னாலும், முன்னங்கால் இடுக்கிலும், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிக் கட்டும் பட்டை) உரசும் இடத்திலும் விரலை விட்டுத் தடவினால் கெட்டியான சிக்கு தட்டுப்படும். முற்றிய சிக்கைச் சீப்பால் பிரிக்க முயன்றால் தோல் இழுபட்டு நாய் துடிக்கும், மழிப்பதே வழி. தினமும் வாரிவிட நேரமில்லாதவர்கள் முடியைக் குட்டையாக வெட்டிவிடுவதே நல்லது. அழகு போய்விடும் என்று வருந்த வேண்டியதில்லை, நாய்க்கு அது சுகம்.

யார்க்‌ஷயருக்கு முடி குறைவாகக் கொட்டுவதால் ஒவ்வாமை வராது என்று நம்புவதும் சரியல்ல. ஒவ்வாமையைத் தூண்டும் பொருள்கள் எச்சிலிலும் தோல் செதில்களிலும் இருக்கின்றன. வீட்டில் ஒவ்வாமை உள்ளவர் முடிவெடுக்கும் முன் வளர்ந்த நாயுடன் பலமுறை நேரம் செலவிட்டுப் பார்க்கட்டும். ஜாக் ரஸ்ஸலின் குட்டை முடியோ ஆண்டு முழுவதும் கொட்டும். குரைப்பில் இரண்டும் சளைத்தவை அல்ல. அமைதியாக இருக்கும் என்று நம்பி அடுக்குமாடி வீட்டுக்கு யார்க்‌ஷயரை வாங்குபவர்கள் ஏமாந்துபோவார்கள். முயல், வெள்ளெலி வளர்க்கும் வீட்டில் ஜாக் ரஸ்ஸல் வேண்டவே வேண்டாம்.

கைக்குழந்தையோ, தத்தித்தத்தி நடக்கும் குழந்தையோ உள்ள வீட்டில் யார்க்‌ஷயருக்குத்தான் ஆபத்து அதிகம். சோபாவிலிருந்து விழுந்தால்கூட அதன் மெல்லிய முன்னங்கால் எலும்பு முறியலாம். ஜாக் ரஸ்ஸல் உறுதியானது, ஆனால் வாலை இழுத்தால் பொறுத்துக்கொள்ளாது. எந்த இனமானாலும் சிறு குழந்தையோடு தனியே விடாதீர்கள்.

'டீகப்' என்ற பெயரில் விற்கப்படும் மிகச்சிறிய யார்க்‌ஷயர்களை வாங்காதீர்கள். அப்படித் தனி இனம் எதுவும் இல்லை. உருவம் சுருங்கச் சுருங்க, ரத்தச் சர்க்கரை திடீரென இறங்கும் அபாயம் கூடுகிறது. யார்க்‌ஷயர்களுக்கு மூச்சுக்குழாய் தளர்ந்து ஒடுங்கும் நோய் வர வாய்ப்புண்டு. அதனால் வாரைக் கழுத்துப்பட்டையில் மாட்டாமல் ஹார்னஸில் மாட்டுங்கள்.

குட்டி எட்டு வாரத்துக்குக் குறைந்ததாக இருந்தால் வாங்காதீர்கள். தாயை நேரில் காட்ட மறுப்பவரிடமும் வேண்டாம். தாய் அந்நியரைக் கண்டு ஒடுங்குகிறதா, சீறுகிறதா, அருகில் வருகிறதா என்று பாருங்கள். இரண்டு இனங்களுக்கும் முழங்கால் சில்லு விலகும் குறை வரக்கூடும் என்பதால் பெற்றோர் நாய்களின் மருத்துவச் சோதனை முடிவைக் கேளுங்கள். ஜாக் ரஸ்ஸலானால், கண்ணின் வில்லை நழுவும் பரம்பரை நோய்க்கான மரபணுச் சோதனையையும் குட்டியின் செவித்திறன் சோதனையையும் சேர்த்துக் கேளுங்கள்.