வெளிநாட்டில் வீடு வாங்கப் பெரிய தொகை அனுப்பும்போது

வெளிநாட்டில் வீட்டைப் பார்த்து, பிடித்துப்போய், விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்த பிறகுதான் மீதிப் பணத்தை எப்படி அனுப்புவது என்று பலரும் யோசிக்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இரண்டாயிரம் மூவாயிரம் யூரோ அனுப்புவதற்கு அப்படிக் கடைசியில் யோசித்தால் போதும். வீட்டுக்கான தொகை என்றால் பதிவுக்கு மூன்று மாதம் முன்பே வேலையை ஆரம்பித்துவிடுங்கள். அனுப்பும் பொத்தானை அழுத்துவது அதில் கடைசி வேலை.

முதலில் காகிதங்கள். என் கதையைச் சொல்கிறேன். பதிவுக்கு எட்டு நாள் இருக்கும்போது முழுத் தொகையையும் அனுப்பினேன். மூன்றாம் நாள் வங்கியிலிருந்து மெயில்: இந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது, ஆதாரம் அனுப்புங்கள். நிலம் விற்ற பத்திரத்தை ஸ்கேன் செய்து அனுப்பினேன். பத்திரத்தில் என் பெயர் இனிஷியலோடு இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அதே இனிஷியல் விரிந்து முழுப்பெயராக நிற்கிறது, இரண்டும் ஒரே ஆள்தானா என்று அடுத்த கேள்வி. நோட்டரியிடம் போய் இரண்டு பெயரும் எனக்கே உரியவை என்று எழுதி வாங்கி அனுப்பி, அவர்கள் அதைப் பார்த்துச் சரி என்று சொல்லுமுன் பதிவு நாள் போயே போய்விட்டது. விற்பவரிடம் என் வக்கீல் பேசி அவகாசம் வாங்கியதால்தான் அட்வான்ஸ் தப்பியது.

கறுப்புப் பணத் தடுப்புச் சட்டப்படி வங்கி இதைக் கேட்டே ஆக வேண்டும், அதனால் கேட்கும் முன்பே தயாராக இருங்கள். விற்ற பத்திரம், கடைசி ஆறு மாத ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, பரம்பரைச் சொத்தென்றால் உயில், யாராவது கொடுத்த பணமென்றால் கொடுத்தவர் எழுதிய கடிதமும் அவருடைய ஸ்டேட்மென்ட்டும். வேற்றுமொழியில் இருப்பதை மொழிபெயர்த்து வையுங்கள். எல்லாக் காகிதத்திலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். "இந்தத் தேதியில் இவ்வளவு தொகை, இதற்காகப் போகிறது" என்று வங்கியில் முன்கூட்டியே சொல்லி, அதை எழுத்திலும் கொடுங்கள்.

சில நாடுகளிலிருந்து இவ்வளவுதான் வெளியே போகலாம் என்று வரம்பும் உண்டு. சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், அதையும் வெளிநாட்டில் வீடு வாங்கப் பயன்படுத்த முடியாது. இந்தியாவில் ஒரு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். வரம்பு உள்ளவர்கள் ஆண்டு முடிவதற்குள் ஒரு பகுதி, புது ஆண்டு பிறந்ததும் ஒரு பகுதி என்று பில்டரிடம் தவணைத் தேதி பேசும்போதே திட்டமிட வேண்டும். ஆனால், அரசுக்குத் தகவல் போகாமல் இருக்கட்டும் என்று சின்னச் சின்னத் தொகையாகப் பிரித்து அனுப்பாதீர்கள். பல நாடுகளில் பணம் நேர்மையாக வந்ததாகவே இருந்தாலும் அப்படிப் பிரிப்பதே குற்றம்.

அடுத்தது ரேட், அதாவது ஒரு நாணயத்தை இன்னொன்றாக மாற்றும் விலை. வங்கி கேட்கிற 30, 40 யூரோ கட்டணத்தைப் பார்த்து எது மலிவு என்று முடிவு செய்யாதீர்கள், பெரிய செலவு ரேட்டுக்குள், சந்தை ரேட்டுக்கும் அவர்கள் தரும் ரேட்டுக்கும் உள்ள இடைவெளியில் ஒளிந்திருக்கிறது. 3 லட்சம் யூரோவில் 2 சதவீதம் என்றால் 6,000 யூரோ. "கட்டணமே இல்லை" என்கிறவர்களும் இந்த இடைவெளியில்தான் சம்பாதிக்கிறார்கள். அதனால் ஒரே கேள்வியை மூன்று இடத்தில், ஒரே நேரத்தில் கேளுங்கள்: இவ்வளவு கொடுத்தால் அந்தப் பக்கம் எல்லாம் போக எத்தனை யூரோ கிடைக்கும்? வங்கியிலும் பெரிய தொகைக்குப் பேரம் பேசலாம், கேட்டால் குறைப்பார்கள். வங்கி அல்லாத நிறுவனம் என்றால் உரிமம் இருக்கிறதா என்று அந்த நாட்டு ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடிப் பாருங்கள். வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற காப்பீடு பெரும்பாலும் அங்கே கிடையாது, பணத்தை நாள்கணக்கில் அங்கே விட்டுவைக்க வேண்டாம்.

ரேட் நகர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2016 ஜூன் 24 போதும். ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவது பற்றிய பிரெக்ஸிட் வாக்கு முடிவு வந்த அந்த இரவில் பவுண்ட் சுமார் 1.50 டாலரிலிருந்து 1.33க்கு இறங்கியது. 3 லட்சம் டாலர் வீட்டுக்கு மாலையில் 2 லட்சம் பவுண்ட் போதும் என்று தூங்கப் போனவருக்குக் காலையில் இன்னும் 25,000 பவுண்டுக்கு மேல் தேவைப்பட்டது. இதைத் தவிர்க்க ஃபார்வர்ட் ஒப்பந்தம் இருக்கிறது. இன்றைய நிலவரத்தை வைத்து ஒரு ரேட்டை நிர்ணயித்துச் சிறு முன்பணம் கட்டி, பணத்தைப் பின்னால் ஒரு தேதியில் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வீடு கைவிட்டுப் போனாலும் ஒப்பந்தம் உங்களைக் கட்டிப் போடும், ரேட் எதிராக நகர்ந்திருந்தால் அந்த நஷ்டம் உங்களுடையது. பத்திரம் சுத்தமாக இருக்கிறது என்று வக்கீல் சொன்ன பிறகே அதில் இறங்குங்கள். இன்னும் நல்ல ரேட் வரும் என்று கடைசி வாரம் வரை காத்திருப்பது சூதாட்டம். நான் பாதியை முன்பே மாற்றினேன், நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி யாருக்கு அனுப்புவது. விற்பவருடைய சொந்தக் கணக்குக்கு நேராக அனுப்பாதீர்கள். பிரான்சில் நோத்தேர் எனும் பத்திர அதிகாரியின் கணக்கு, இங்கிலாந்தில் சொலிசிட்டர் எனும் வக்கீலின் கிளையன்ட் கணக்கு, அமெரிக்காவில் எஸ்க்ரோ எனும் இடைக்காப்புக் கணக்கு என்று பணத்தை நடுவில் வைத்திருக்க ஒருவர் இருப்பார்.

அந்தக் கணக்கு எண்ணில்தான் பலருடைய வாழ்நாள் சேமிப்பு போகிறது. திருடர்கள் வக்கீலின் மெயில்பெட்டிக்குள் புகுந்து வாரக்கணக்கில் சத்தமில்லாமல் படிக்கிறார்கள். பணம் அனுப்ப வேண்டிய நாளில் ஒரு மெயில் வரும்: "எங்கள் கணக்கு தணிக்கையில் இருக்கிறது, இந்தப் புதுக் கணக்குக்கு அனுப்புங்கள்." ஃபைல் எண் சரி, தொகை சரி, கையெழுத்து சரி, கணக்கு எண் மட்டும் திருடனுடையது. ஐபான், அதாவது சர்வதேச வங்கிக் கணக்கு எண், சரியா என்று இணையத்தில் சோதித்துப் பார்த்தேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நாட்டுக் குறியீட்டுக்குப் பின்னால் வரும் இரண்டு இலக்கம் எழுத்துப்பிழையைத்தான் பிடிக்கும், திருடனுடைய ஐபானும் அந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே முதல் சந்திப்பில் வக்கீலிடம் வாங்கிய விசிட்டிங் கார்டில் உள்ள எண்ணுக்குப் போன் செய்யுங்கள், மெயிலில் உள்ள எண்ணுக்கு வேண்டாம். கணக்கு எண்ணை அவரையே படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் 100 யூரோ அனுப்பி, வந்ததா என்று மறுபடியும் போனில் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள். ஏமாந்துவிட்டதாகத் தெரிந்தால் அந்த நிமிடமே வங்கிக்குச் சொல்லுங்கள், திரும்பப் பெற வாய்ப்பு அதிகம் இருப்பது முதல் சில மணி நேரத்தில்தான்.

அனுப்பும் படிவத்தில் கட்டணம் யாருடையது என்று கேட்பார்கள். ஓயுஆர் (OUR, எல்லாக் கட்டணமும் அனுப்புபவருடையது) என்று போடுங்கள். எஸ்எச்ஏ (SHA, கட்டணம் இருவருக்கும் பங்கு) போட்டால் 3 லட்சம் யூரோவில் வழியில் இருக்கும் இடைநிலை வங்கி தன் பங்கைக் கழித்துக்கொண்டு 2,99,975 போய்ச் சேரலாம், அந்த 25 யூரோவுக்காகப் பதிவு நிற்கலாம். வெள்ளிக்கிழமை அனுப்பாதீர்கள், இரண்டு நாட்டு விடுமுறைகளையும் பாருங்கள், ஐந்து வேலை நாளாவது இடைவெளி வையுங்கள்.

எந்த நாணயமாகப் போய்ச் சேர வேண்டும் என்றும் வக்கீலிடம் கேளுங்கள். தாய்லாந்தில் வெளிநாட்டவர் தன் பெயரில் அபார்ட்மென்ட் வாங்கினால், பணம் வெளிநாட்டு நாணயமாகவே உள்ளே வந்ததற்கு அங்குள்ள வங்கியின் சான்று நிலப்பதிவு அலுவலகத்தில் வேண்டும், இங்கிருந்தே தாய்லாந்து நாணயமான பாட் ஆக மாற்றி அனுப்பினால் அந்தச் சான்று கிடைக்காது. பின்னாளில் வீட்டை விற்றுப் பணத்தை வெளியே எடுக்கும்போதும் அதையே காட்ட வேண்டியிருக்கும். எந்த நாடானாலும் ஸ்விஃப்ட் நகலையும் (வங்கி பணம் அனுப்பியதற்கான செய்தியின் நகல்) அன்றைய ரேட் உள்ள ரசீதையும் வீட்டுப் பத்திரத்தோடு சேர்த்து ஒரே ஃபைலில் வையுங்கள்.