பிரேசிலுக்குப் போகும் முன்: ஒரு வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்

பிரேசிலுக்குப் போவது என்று முடிவானதும் நான் செய்த முதல் வேலை, எல்லோரும் செய்வதுதான். பார்க்க வேண்டிய இடங்களைத் தேடி ஒரு பட்டியல் போட்டேன். ரியோவின் இயேசு சிலை, இகுவாசு அருவி, அமேசான் காடு, சால்வடோரின் பழைய தெருக்கள். பத்து நாளில் நான்கையும் முடித்துவிடலாம் என்று கணக்கு. ரியோவிலிருந்து அமேசான் காட்டின் வாசலான மனௌஸுக்கு நேர்கோட்டிலேயே 2,800 கிலோமீட்டருக்கு மேல் என்று தெரிந்த பிறகு அந்தப் பட்டியலைக் கிழித்துப் போட்டேன்.

அப்புறம் வேறு வழியில் ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தினம் அரை மணி நேரம் ஒதுக்கினால் மூன்று நான்கு வாரத்தில் முடியும். ஒரு வெள்ளைத்தாள், பென்சில், அழிப்பான், இணையம். அவ்வளவுதான் தேவை.

படி 1: பார்க்காமல் வரையுங்கள்

வரைபடத்தைத் திறக்காமல், நினைவில் இருக்கிற பிரேசிலைத் தாளில் வரையுங்கள். கோணல்மாணலாக வரும், பரவாயில்லை. நீங்கள் அறிந்த ஊர்களையும் தோன்றுகிற இடத்தில் புள்ளி வையுங்கள். அதன்பின் உண்மையான வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே தப்பு விட்டீர்களோ அங்கேதான் உங்கள் படிப்பு தொடங்குகிறது.

பெரும்பாலானோர் நாட்டைச் சிறிதாகத்தான் வரைவார்கள். சுவரில் மாட்டுகிற உலக வரைபடங்கள் பலவும் துருவப் பக்கம் உள்ள நிலத்தை ஊதிக் காட்டும், நிலநடுக்கோட்டுப் பக்கம் உள்ளதை அப்படியே விட்டுவிடும். அதனால் கிரீன்லாந்து பிரேசில் அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ தெரியும். உண்மையில் பிரேசில் சுமார் 85 லட்சம் சதுர கிலோமீட்டர், கிரீன்லாந்து அதில் நான்கில் ஒரு பங்குதான். முடிந்தால் ஒரு பூகோள உருண்டையில் பாருங்கள்.

இப்போது ஆறு புள்ளிகளைச் சரியான இடத்தில் வையுங்கள்: மனௌஸ், பெலேம், சால்வடோர், பிரசிலியா, ரியோ, போர்ட்டோ அலெக்ரே. இரண்டு கோடுகளும் போடுங்கள். நிலநடுக்கோடு வடக்கே மகாப்பா என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. மகரரேகை சாவோ பாவ்லோ நகரத்தின் வழியாகப் போகிறது. இந்த இரண்டு கோடுகளும் பின்னால் நாலாவது படியில் உதவும்.

குமரி முதல் இமயம் வரை என்று நாம் சொல்வதுபோல, அவர்கள் 'ஒயாபொக்கி முதல் ஷுயி வரை' என்பார்கள். ஷுயி தெற்கு முனை, சரி. ஒயாபொக்கி ஆனால் வடமுனை இல்லை. உண்மையான வடமுனை ரொரைமா மாநிலத்தில் இருக்கிற கபுராயி மலை. அளந்து பார்த்து இது தெரிந்த பிறகும் பழமொழி மாறவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

படி 2: ஐந்தாக வெட்டுங்கள்

26 மாநிலங்களையும் ஒரு தலைநகர் மாவட்டத்தையும் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. பிரேசில்காரர்களே நாட்டை ஐந்து வட்டாரங்களாகத்தான் பேசுவார்கள்: வடக்கு, வடகிழக்கு, நடுமேற்கு, தென்கிழக்கு, தெற்கு. தாளில் ஐந்தையும் வெவ்வேறு நிறத்தில் தீட்டுங்கள்.

நிறம் தீட்டியதும் ஒவ்வொன்றிலும் மக்கள்தொகையை எழுதுங்கள். 2022 கணக்கெடுப்பின்படி நாட்டில் சுமார் 20 கோடியே 30 லட்சம் பேர். நிலப்பரப்பில் ஏறத்தாழ 45 சதவீதம் வடக்கு வட்டாரம், ஆனால் அங்கே இருப்பவர்கள் ஒரு கோடியே 70 லட்சம் சொச்சம்தான். சாவோ பாவ்லோவும் ரியோவும் இருக்கிற தென்கிழக்கு, நிலத்தில் 11 சதவீதம்கூட முழுதாக இல்லை. அங்கே 8 கோடியே 40 லட்சத்துக்கு மேல். செய்தியில் வருகிற 'பிரேசில்' பெரும்பாலும் இந்த ஒரு மூலைதான்.

வட்டாரத்துக்கு வட்டாரம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரே ஒரு பழம் போதும்: அசாயி. ரியோ கடற்கரையில் அதை உறையவைத்து, சர்க்கரை சேர்த்து, வாழைப்பழத்தோடு ஐஸ்கிரீம் மாதிரி சாப்பிடுகிறார்கள். அது விளைகிற ஊரான பெலேமில், சர்க்கரை இல்லாமல் கெட்டியான குழம்பு போல, பொரித்த மீனோடும் மரவள்ளி மாவோடும் சாப்பிடுகிறார்கள். பெலேம்காரருக்கு ரியோவின் அசாயி ஒரு வேடிக்கை. "பிரேசில் சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று கேட்பதைவிட எந்த வட்டாரத்துச் சாப்பாடு என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும்.

படி 3: கிலோமீட்டரை மணியாக மாற்றுங்கள்

தாளில் உள்ள ஆறு புள்ளிகளையும் சாவோ பாவ்லோவையும் கோடுகளால் இணைத்து, ஒவ்வொரு கோட்டின் மேலும் தூரத்தை எழுதாமல் நேரத்தை எழுதுங்கள். ரியோ–சாவோ பாவ்லோ பேருந்தில் ஆறு மணி நேரம், விமானத்தில் ஒரு மணி. சாவோ பாவ்லோ–மனௌஸ் விமானத்திலேயே சுமார் நான்கு மணி நேரம். ரயிலைத் தேட வேண்டாம். நீண்டதூரப் பயணிகள் ரயில் அங்கே விரல் விட்டு எண்ணும் அளவுதான். பேருந்துகள் நன்றாக இருக்கும், இரவுப் பேருந்துகளில் இருக்கை சாய்ந்து படுக்கையாகும்.

பெலேமிலிருந்து மனௌஸுக்கு ஆற்றிலும் போகலாம். நீரோட்டத்துக்கு எதிரே நான்கு, ஐந்து நாட்கள். படகின் தளத்தில் வரிசையாகத் தூளிபோலத் தொங்கும் வலைப்படுக்கைகள். அவற்றைப் பயணிகளே வாங்கிக்கொண்டு வர வேண்டும். பத்து நாள் விடுப்பில் போகிறவருக்கு இது சரிவராது, ஆனால் இப்படி ஒன்று இருப்பது தெரிந்திருக்கட்டும்.

விமான நிலையப் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். சாவோ பாவ்லோவில் வெளிநாட்டு விமானங்கள் வந்திறங்குவது குவாருல்யோஸில். உள்நாட்டு விமானங்கள் பல, ஊருக்கு நடுவே இருக்கும் கொங்கோன்யாஸிலிருந்து கிளம்பும். ஒன்றில் இறங்கி இரண்டு மணி நேரத்தில் மற்றொன்றில் ஏறலாம் என்று சீட்டு எடுத்துவிடாதீர்கள், நடுவில் இருப்பது சாவோ பாவ்லோவின் நெரிசல்.

படி 4: ஒரே மாதத்தை ஐந்து இடத்தில் பாருங்கள்

பிரேசிலுக்குப் போக எது நல்ல மாதம் என்ற கேள்விக்குப் பதில் கிடையாது. எங்கே போக என்று சேர்த்துக் கேட்டால் உண்டு. நான் ஜூலையை எடுத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தேன்.

மனௌஸில் மழை குறைந்துவிட்டது, ஆனால் ஆறு நிறைந்து காட்டுக்குள் புகுந்திருக்கிறது. மரங்களின் உச்சிக்கிளைகளுக்கு நடுவே சிறு படகில் போகலாம். அதே இடத்தில் அக்டோபர், நவம்பரில் தண்ணீர் பல மீட்டர் இறங்கி மணல்திட்டுகள் தெரியும். மரன்யாவோ மாநிலத்தின் லென்சோயிஸ் மணல்மேடுகளுக்கு நடுவே மழைநீர்க் குளங்கள் நிறைந்து நீலமாக நிற்கும் காலமும் ஜூலைதான். ஆனால் அதே வடகிழக்கில் ரெசிஃபி கடற்கரையில் மழை. பந்தனால் சதுப்புநிலத்தில் தண்ணீர் வற்றி, விலங்குகள் எஞ்சிய நீர்நிலைகளைத் தேடி வருகின்றன, சிறுத்தையைவிடப் பெரிதான ஜாகுவாரைப் பார்க்க அதுவே பருவம். ரியோவில் இதமான குளிர்காலம். தெற்கே, மகரரேகைக்கும் கீழே, சாவோ ஜோவாகிம் ஊரில் உறைபனி, சில ஆண்டுகளில் பனிப்பொழிவும்.

ஒரே மாதம், ஒரே நாடு. பெட்டியில் எதை எடுத்து வைப்பது? இதனால்தான் இடத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு மாதம், அல்லது மாதம் முடிவாகிவிட்டதென்றால் அதற்கேற்ற இடம். ஜூலை பள்ளி விடுமுறை மாதம் என்பதால் கட்டணமும் கூட்டமும் ஏறும். கார்னிவல் பிப்ரவரியிலோ மார்ச் தொடக்கத்திலோ வரும், ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறும்.

படி 5: தலைநகர் ஏன் நகர்ந்தது என்று கேளுங்கள்

எந்த நாட்டின் வரலாற்றையும் முதலிலிருந்து படித்தால் தூக்கம் வந்துவிடும். ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போங்கள். பிரேசிலுக்கு இந்தக் கேள்வியைவிட நல்லது எனக்குக் கிடைக்கவில்லை: மூன்று தலைநகரங்கள், ஏன்?

முதல் தலைநகர் சால்வடோர், 1549 முதல். காரணம், வடகிழக்கின் கரும்பு. கரும்புத் தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். மூன்று நூற்றாண்டுகளில் பிரேசிலுக்கு மட்டும் ஏறத்தாழ 48 லட்சம் பேர், அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டுக்கும் இத்தனை பேர் கொண்டுவரப்படவில்லை. அடிமைமுறையைக் கடைசியாக ஒழித்த நாடும் அந்தக் கண்டங்களில் இதுவே, 1888 மே 13. சால்வடோரில் எல்லோரும் படம் எடுத்துக்கொள்ளும் வண்ண வீடுகள் சூழ்ந்த இடத்தின் பெயர் பெலோரின்யோ. அந்தச் சொல்லுக்கு அர்த்தம், கட்டிவைத்துச் சவுக்கால் அடிக்கும் கம்பம். இதைத் தெரிந்துகொண்டு அங்கே நிற்பதும் தெரியாமல் நிற்பதும் ஒன்றல்ல.

பிறகு மினாஸ் ஜெராயிஸ் மலைகளில் தங்கம் கிடைத்தது. அதை ஏற்றுமதி செய்த துறைமுகத்தின் பக்கம் அதிகாரமும் போயிற்று: 1763இல் தலைநகர் ரியோ. 1808இல் நெப்போலியனுக்குப் பயந்து போர்ச்சுகல் அரச குடும்பமே கப்பலேறி ரியோவுக்கு வந்து குடியேறியது. அந்த ஆண்டே தொடங்கிய தாவரவியல் தோட்டம் இன்றும் அங்கே இருக்கிறது. 1822இல் விடுதலையை அறிவித்தவரும் அப்படி வந்த அரசரின் மகன்தான்.

மூன்றாவது பிரசிலியா. கடற்கரையை ஒட்டியே வாழ்ந்த நாட்டை உள்ளே இழுக்க வேண்டும் என்று 1891 அரசியல் சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள், கட்டி முடித்துத் திறந்தது 1960 ஏப்ரல் 21. நகர அமைப்பு லூசியோ கோஸ்டா, கட்டடங்கள் ஆஸ்கர் நீமயர். மேலிருந்து பார்த்தால் விமானம் போல இருக்கும். நடந்து சுற்ற நினைப்பவருக்கு அது கொஞ்சம் கொடுமையான ஊர்.

இதே முறையில் மற்ற ஊர்களையும் கேட்கலாம். காட்டுக்கு நடுவே மனௌஸில் 1896இல் ஏன் ஓர் ஓபரா அரங்கம்? ரப்பர் பணம். 1876இல் ஹென்றி விக்கம் ரப்பர் விதைகளை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார், அவற்றின் வழிவந்த மரங்கள் ஆசியத் தோட்டங்களில் வளர்ந்தன, மனௌஸின் பணம் வற்றியது. சாவோ பாவ்லோவில் ஏன் இத்தனை ஜப்பானிய வம்சாவளியினர்? காப்பித் தோட்ட வேலைக்கு 1908இல் வந்த கப்பலிலிருந்து தொடங்குகிறது அந்தக் கதை.

படி 6: காதைப் பழக்குங்கள்

அங்கே பேசுவது போர்த்துகீசியம், ஸ்பானிஷ் அல்ல. 'கிராசியாஸ்' சொன்னால் புரியும், ஆனால் முகம் கொஞ்சம் மாறும். 'ஒப்ரிகாது' என்று சொல்லுங்கள், பெண்ணாக இருந்தால் 'ஒப்ரிகாதா'. சொல்பவரைப் பொறுத்து மாறும், கேட்பவரை அல்ல.

தமிழ் பேசுகிறவர்கள் ஏற்கெனவே சில சொற்களைக் கையில் வைத்திருக்கிறோம். ஜன்னல், சாவி, மேசை, அலமாரி, வராந்தா, மேஸ்திரி எல்லாமே போர்த்துகீசியம் கொடுத்தவை. விடுதியில் 'ஷாவி' என்று கேட்டால் சாவி வரும். அன்னாசியும் அவர்கள் வழியாக வந்த தென்னமெரிக்கச் சொல்தான், ஆனால் பிரேசில் கடையில் அது எடுபடாது. அங்கே அதற்கு அபகாஷி என்று பெயர்.

எழுத்தும் ஒலியும் விலகி நிற்கும். சொல்லின் தொடக்கத்து 'ர' பெரும்பாலும் 'ஹ' ஆகிவிடும். ரியோ டி ஜெனிரோவை ரியோக்காரர் 'ஹியு ஜி ஜனேய்ரு' என்பார், ரெசிஃபி 'ஹெசிஃபி' ஆகும். பேருந்து நிலையத்தில் உங்கள் ஊரை நாலு தடவை அறிவித்தும் உங்களுக்குக் கேட்காமல் போவது இதனால்தான். இணைய வானொலியில் தினம் பத்து நிமிடம் உள்ளூர் செய்தி கேளுங்கள். புரியாது. இரண்டாவது வாரத்தில் ஊர்ப்பெயர்கள் மட்டும் பிடிபடும், அது போதும்.

பெரியவர்களிடம் 'செஞ்ஞோர்', 'செஞ்ஞோரா' என்று பேசுங்கள். நாம் 'நீங்கள்' சொல்வதற்கு ஏறக்குறைய அதுதான் சமம்.

படி 7: சில்லறை விஷயங்கள்

இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம், ஒரு மாலை போதும். விசா விதி உங்கள் கடவுச்சீட்டைப் பொறுத்தது, பிரேசில் தூதரகத் தளத்தில் மட்டும் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்பே போடுங்கள், அதற்குப் பிறகுதான் சான்றிதழ் செல்லுபடியாகும். பிரேசிலிலிருந்து வருகிறவர்களிடம் பல நாடுகள் அதைக் கேட்கும்.

பணம் ரெயால், 1994 முதல். உள்ளூரில் எல்லோரும் பிக்ஸ் என்ற கைபேசி முறையில் பணம் அனுப்புவார்கள், அது உள்ளூர் வங்கிக்கணக்கோடு இணைந்தது. உங்களுக்குக் கார்டு போதும், கொஞ்சம் ரொக்கமும் வையுங்கள். மின்சாரம் ரியோவில் 127 வோல்ட், ரெசிஃபியில் 220. சார்ஜரில் 100–240 என்று இருக்கிறதா பாருங்கள். நடுத்தெருவில் கைபேசியை நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள், வரைபடம் பார்க்கக் கடைக்குள் போய்ப் பாருங்கள். பசித்தால் 'பொர் கீலு' என்று பலகை வைத்த கடை: வேண்டியதைத் தட்டில் போட்டுக்கொண்டு எடை போட்டுப் பணம் கொடுக்கலாம். மொழி தெரியாதவருக்கு இதைவிட வசதி வேறில்லை.

படி 8: அழியுங்கள்

இதுதான் கஷ்டமான படி. தாளை எடுத்து, பத்து நாளுக்கு இரண்டு வட்டாரத்துக்கு மேல் இருந்தால் மிச்சத்தை அழிப்பானால் அழியுங்கள். ரியோவும் மினாஸின் தங்க ஊரான ஓரோ பிரெத்தோவும் சேர்ந்தால் பத்து நாள் நிறைந்துவிடும், இரவுப் பேருந்தே போதும். சால்வடோரை மட்டும் வைத்துக்கொண்டு, உள்ளே ஷப்பாடா டியமான்டினா மலைகளில் நான்கு நாள் நடந்தாலும் சரிதான். இகுவாசுவை விடவே முடியாது என்றால் ரியோவோடு சேருங்கள், மூன்றாவதாக எதையும் ஒட்டாதீர்கள்.

நான் ரியோவையும் மினாஸையும் வைத்துக்கொண்டேன். மனௌஸை அழிக்க மனம் வரவில்லை, அதன்மேல் பென்சிலால் லேசாக ஒரு கோடு மட்டும் போட்டேன். விமானச் சீட்டு விலையைப் பார்க்க ஆரம்பித்தது அதற்கப்புறம்தான்.